ஒரு பக்கக் கதாநாயகர்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜையைத் துடைத்த கையோடு, மூன்று வருஷமாக உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த மூன்று சூப்பர்ஹீரோக்களையும் நான் வேலையை விட்டு நீக்கினேன்.

"இன்னையோட இவங்க மூணு பேரும் ரிட்டயர்டு," என்றேன்.

மேஜையைச் சுற்றி இருந்தவர்களும் மூன்று பேர். என் மனைவி. அவள் தம்பி, அதாவது என் மச்சினன், செருப்புக் கடையில் சேல்ஸ்மேன். அப்புறம் எதிர்வீட்டுப் பல் டாக்டர். ஞாயிறு மத்தியானம் எங்கள் நால்வருக்கும் கதை விளையாட்டுதான் பொழுதுபோக்கு. நான் கதை சொல்வேன். அவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, "நான் சுவர் ஏறிக் குதிக்கிறேன்" என்பார்கள். குதித்தாரா, காலை ஒடித்துக்கொண்டாரா என்பதைப் பகடை சொல்லும். இதில் ஜெயிக்கிறவர் தோற்கிறவர் கிடையாது. அதனால்தான் நான் இதில் இறங்கினேன். எங்கள் வீட்டில் ஜெயிக்கிறவர் யார் என்பது கல்யாணத்தன்றே முடிவாகிவிட்ட விஷயம்.

மச்சினன் இத்தனை நாளும் பறக்கும் மாவீரன். மலையைத் தூக்குவான். குண்டு பட்டால் குண்டுக்குத்தான் வலிக்கும். வாரம் முழுக்க ஊரார் காலைப் பிடித்துச் செருப்பு மாட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமையாவது தரையில் கால் படாமல் இருக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். பல் டாக்டர் முகமூடிப் பழிகாரர். பகலில் கோடீஸ்வரர், இருட்டினால் மொட்டைமாடி. என் மனைவி மனசு படிக்கிறவள். அந்தப் பாத்திரத்தை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. ஒத்திகை தேவைப்படாத பாத்திரமாகப் பார்த்து அவளே எடுத்துக்கொண்டாள்.

"ஏன் மாமா, நல்லாத்தானே பறந்துட்டிருந்தேன்?" என்றான் மச்சினன்.

"அதான் பிரச்சினை. உனக்கு அடிபடாது. டாக்டருக்குப் பணம் தீராது. உங்கக்காகிட்ட யாரும் எதையும் மறைக்க முடியாது. இப்படி இருந்தா கதையில பயம் எங்கேருந்து வரும்? இனிமே நமக்கு மாத நாவல் ஹீரோக்கள்தான். பஸ் ஸ்டாண்டுக் கடையில கயித்துல தொங்குமே, சாணித்தாள்ல, அட்டையில துப்பாக்கியும் பாதி முகமும் போட்டு. அந்த ஆளுங்க."

அந்த ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். நான் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருஷமாக, வண்டி திரும்பும் இடத்தில் கிடைக்கும் பன்னிரண்டு நிமிஷத்தில் ஸ்டீயரிங்கில் சாய்ந்துகொண்டு படித்ததெல்லாம் அவர்கள் கதைதான். அவர்களுக்கு எந்த சக்தியும் கிடையாது. அடி வாங்குவார்கள். கீழே விழுவார்கள். அடுத்த அத்தியாயத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு வருவார்கள். சிலர் வரவே மாட்டார்கள்.

ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். பறக்கும் மாவீரன், ஓட்டை விமானம் ஒன்றை வைத்துக்கொண்டு தபால் மூட்டை சுமக்கும் பைலட் ஆனான். அதே வானம்தான், ஆனால் பெட்ரோல் தீரும். முகமூடிப் பழிகாரர், நனைந்த மழைக்கோட்டுத் துப்பறிவாளர் ஆனார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களைத் துப்பச் சொன்ன மனிதர், கொஞ்ச நாள் துப்பு துலக்கட்டுமே என்று நினைத்தேன். மனசு படிக்கிறவள், ஊர் ஊராகப் போய் மேடையில் மனோவசியம் காட்டுகிறவள் ஆனாள்.

டாக்டர் தன் தாளைக் கை நீளத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "சார், இதை எங்க வீட்டுலேருந்தே படிச்சிருப்பேனே. எதுக்கு ரோட்டைத் தாண்டி வந்தேன்?"

எழுத்து அவ்வளவு பெரிது. கறுப்பு மார்க்கரில் மூன்றே வரி.

"அந்தக் காலத்துப் போஸ்டர் மாதிரி இருக்கட்டும்னுதான்," என்றேன்.

மனைவி தாளைத் திருப்பிப் பார்த்தாள். "பின்னாடி ஒண்ணும் இல்லையே."

"பின்னாடியெல்லாம் கிடையாது. இனிமே எல்லாருக்கும் ஒரு பக்கம்தான்."

அவள் தாளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். பேச்சை மாற்றுவதற்காகப் பகடையை உருட்டினேன்.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்குப் பத்து நாள் முன்பு, மார்க்கெட் முனை சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டியை எடுத்தேன். பத்தடி போயிருக்க மாட்டேன். கண்டக்டர் அலறினார். பிரேக்கை மிதித்தேன். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் முன்னால் வந்து விழுந்தார்கள். வண்டியின் இடது முனைக்குக் கீழே ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். முதுகில் பள்ளிக்கூடப் பை. பம்பருக்கும் பைக்கும் நடுவே என் உள்ளங்கை நுழையாது.

"எங்கேருந்து வந்தா?" என்றேன்.

"எங்கேருந்தும் வரல," என்றார் கண்டக்டர். "சிவப்பு விழுந்ததுலேருந்து அங்கேயேதான் நின்னா."

அந்த வார லீவில், யூனியன் கூட்டம் என்று பொய் சொல்லிவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே வெளிச்சப் புள்ளி தெரிந்தால் கையிலுள்ள பித்தானை அழுத்த வேண்டும். அழுத்தினேன். அப்புறம் புள்ளிகள் நின்றுவிட்டன. நான் காத்திருந்தேன். ரொம்ப நேரம் காத்திருந்தேன்.

"இடது பக்கம் எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன்.

"அது முடிஞ்சிருச்சு சார்," என்றது பரிசோதனை செய்த பெண்.

கண் டாக்டர் நல்ல மனிதர். சுற்றி வளைக்கவில்லை. கண்ணுக்குள் அழுத்தம், பின்னால் இருக்கும் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது, சொட்டு மருந்து போட்டால் மிச்சம் இருப்பது நிற்கும், போனது வராது என்றார். "போன இடம் கறுப்பாத் தெரியாது. அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி, ரோடு காலியா இருக்கிற மாதிரி, தெளிவாத் தெரியும். அதுதான் ஆபத்து. நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"ஆபீஸ்ல," என்றேன்.

நான் ஓய்வுபெற இன்னும் பதினோரு மாதம். வண்டியிலிருந்து இறக்கப்பட்டவன் என்று பெயர் வாங்காமல் நானாக இறங்கிவிட வேண்டும் என்று ஒரு வீராப்பு. பதினோரு மாதம்தானே, வலது பக்கமாகவே வாழ்ந்துவிடலாம் என்று தீர்மானித்தேன். சொட்டு மருந்தையும் ரிப்போர்ட்டையும் கதை விளையாட்டுப் பெட்டியில் பகடைகளுக்கு அடியில் ஒளித்தேன். வீட்டில் எனக்கே எனக்கென்று இருந்த ஒரே பெட்டி அது.

ஆனால் அந்தப் பெட்டிதான் முதலில் காலை வாரியது. சூப்பர்ஹீரோ ஒவ்வொருவருக்கும் பொடி எழுத்தில் நாற்பது கட்டம் உண்டு. பலம், வேகம், பறக்கும் உயரம் எல்லாம். போன ஞாயிறு மச்சினனின் தாளில் பலம் என்ற கட்டம் எனக்குக் கிடைக்கவே இல்லை. இடது ஓரத்தில் இருந்திருக்கிறது. "உனக்கு பலமே கிடையாதுப்பா" என்று அறிவித்துவிட்டேன். மலையைத் தூக்கிக்கொண்டு பாதி வானத்தில் நின்றவன் பரிதாபமாக விழித்தான். அதற்குப் பிறகுதான் இந்த ஞானோதயம். ஒரு பக்கம் போன மனுஷனுக்கு ஒரு பக்கத் தாள். பகடையும் மாற்றினேன், ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் பருமனில். "எல்லாரும் என் முன்னாடி இருக்கிற இந்த அட்டைப்பெட்டி மூடியிலதான் உருட்டணும். நியாயம்னு ஒண்ணு வேணும்ல," என்றேன்.

எல்லாம் சரியாகத்தான் யோசித்தேன். மனைவியின் தாளில் எழுதிய மூன்று வரியை மட்டும் யோசிக்காமல் விட்டேன்.

ஒன்று, இவளுக்கு மனசைப் படிக்க வராது. இரண்டு, ஆனால் எல்லாவற்றையும் கவனிப்பாள். மூன்று, இவள் ஒரு கேள்வி கேட்டுப் பகடையில் ஆறு விழுந்தால், எதிராளி உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும்.

"எல்லாத்தையும்னா எதையெல்லாம்?" என்று கேட்டாள்.

"கை நடுங்குதா, சட்டையில பித்தான் மாறியிருக்கா, பேசறப்போ எங்க பார்க்கிறான். அதெல்லாம்தான்."

"இதுக்குப் பழக்கம் வேணுமே."

"பழகிக்கோயேன்," என்றேன், பெரிய மனது பண்ணி.

என் மனைவிக்குப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் லேப் உதவியாளர் வேலை. பிள்ளைகள் உடைக்கும் குழாயை எண்ணுவது, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக அளப்பது, நிறம் மாறுகிற அந்த ஒரு சொட்டில் கையை நிறுத்துவது. எங்கள் வீட்டு உப்பு டப்பாவில் கோடு போட்டிருக்கும். அப்படிப்பட்டவளிடம் போய்க் 'கவனி' என்று எழுதிக் கொடுத்தவன் நான்.

திங்கள்கிழமையே பழக ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, ரெண்டு நாளா வாசக்கால்ல தோளை இடிச்சுக்கறீங்க."

"வாசக்கால் குறுகலா இருக்கு."

"கல்யாணமான நாள்லேருந்து அதே வாசக்கால்."

"நான் பெருத்துட்டேன்."

"ஒரு பக்கம் மட்டுமா?"

இன்னொரு நாள் காலையில்:

"கண்ணு ஏன் செவந்திருக்கு?"

"ரோட்டுல தூசி."

"வண்டியில ஏர்றதுக்கு முன்னாடியேவா?"

நான் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு முன் பிடித்தேன். அவள் எதிர்ப் பக்கத்தை எட்டிப் பார்த்தாள்.

"நேத்து பேப்பர்," என்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு மாற்றம். வழக்கமாகத் தட்டுக்கு வலது பக்கம் இருக்கும் தண்ணீர் டம்ளர், அந்த வாரத்திலிருந்து நாளுக்கு ஓர் இடத்தில் இருந்தது. சில நாள் கைக்குத் தட்டுப்பட்டது. சில நாள் கேட்டுத்தான் வாங்கினேன். "வச்சிருக்கேனே" என்பாள். தலையைத் திருப்பினால் இருக்கும். மறதிக்காரி ஆகிவிட்டாள், வைக்க வேண்டிய இடத்தில் ஒன்றையும் வைப்பதில்லை என்று மனதுக்குள் அவளைத் திட்டினேன்.

இதற்கு நடுவே வண்டியும் ஓட்டினேன். அதைச் சொல்லாமல் மற்றதெல்லாம் சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டுப் போனால் அது நேர்மை இல்லை. மூன்று வாரம் ஓட்டினேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கழுத்தை முழுசாகத் திருப்பி இடது பக்கம் பார்த்தேன். திருப்பும்போது முன்னால் பார்க்க முடியாது. முன்னால் பார்க்கும்போது அந்தப் பெண்ணின் பை ஞாபகத்துக்கு வரும். இரண்டாவது வாரம் இடது கண்ணாடியை விளக்குக் கம்பத்தில் இடித்து உடைத்தேன்.

"கம்பம் ரோட்டுக்கு வந்துட்டுது," என்றேன் கண்டக்டரிடம்.

அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து வாசல் படியிலேயே நின்றுகொண்டு, "ஆள் இருக்கு", "போலாம்", "ஆள் இருக்கு" என்று சொல்ல ஆரம்பித்தார். நான் கேட்கவில்லை. அவரும் ஏன் என்று சொல்லவில்லை. நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு இரண்டு பேர் பேசாமல் ஒரு பொய்யை ஓட்டினோம்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது விக்கல் எடுத்தது. தண்ணீர் என்று கை நீட்டினேன். "வச்சிருக்கேன்," என்றாள். திரும்பினேன். இல்லை. இன்னும் திரும்பினேன். என் இடது கையை ஒட்டி இருந்தது. குடித்துவிட்டு நிமிர்ந்தபோது, அவள் டம்ளர் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. நிறம் மாறிய சொட்டைக் கண்டவள் மாதிரி இருந்தாள்.

சனிக்கிழமை எனக்கு லீவு. அவளுக்கு ஏதோ வெளி வேலை என்று காலையிலேயே போய், மத்தியானம் வந்தாள். எங்கே என்று கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் ஒரு பக்கம் மட்டும்தான் உண்டு. நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கதை சூடு பிடித்திருந்தது. மலைப்பாதையில் ஒரு ரயில், சிவப்பு சிக்னலைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பைலட் தன் ஓட்டை விமானத்தை ரயிலுக்கு மேலே கொண்டுவந்து, பகடையில் இரண்டு விழுந்து, கூரையில் உருண்டு கையை ஒடித்துக்கொண்டான்.

"மாமா, போன மாசம்னா ஒரு கையால ரயிலையே நிறுத்தியிருப்பேன்," என்றான் மச்சினன்.

துப்பறிவாளர் பெட்டி பெட்டியாகப் போய்ப் பயணிகளின் வாயைப் பார்த்தார். எதற்கு என்று கேட்டதற்கு, பழக்கதோஷம் என்றார்.

"நான் இன்ஜின் டிரைவரைப் பார்க்கணும்," என்றாள் மனைவி.

கதையில் அந்த மூவரைத் தவிர வருகிற எல்லோரும் நான்தான். கொள்ளைக்காரன் நான், போலீஸ் நான், ரயிலும் நான். இன்ஜின் டிரைவர் குரலைக் கரகரப்பாக ஆக்கிக்கொண்டேன்.

"யாரும்மா நீ, இன்ஜினுக்குள்ள வரக் கூடாது."

"சிக்னல் சிவப்பா இருந்துச்சே. பார்க்கலையா?"

"புகை. தெரியல."

"புகை ரெண்டு பக்கமும்தானே வரும். வலது பக்கம் மைல் கல்லெல்லாம் சரியாச் சொல்றீங்களே."

"காத்து அடிக்குது. புகை ஒரு பக்கமாப் போகுது."

"எந்தப் பக்கம்?"

மச்சினன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். டாக்டர் மட்டும் ரசித்துக்கொண்டு பிஸ்கட் கடித்தார்.

"இது என் கேள்வி," என்றாள். "எத்தனை நாளா இடது பக்கம் தெரியல? உருட்டறேன்."

உருட்டினாள். பகடை அட்டை மூடிக்குள் விழவில்லை. ஓரத்தில் பட்டுத் துள்ளியது. அப்புறம் காணோம்.

"கீழே விழுந்துடுச்சு," என்றேன்.

மேஜைக்கு அடியில் குனிந்து தேடினேன். நாற்காலிக் கால், டாக்டரின் செருப்பு, பிஸ்கட் துகள். பகடை இல்லை. "உன் காலுக்குக் கீழே இருக்கா பாரு" என்று மச்சினனிடம் சொன்னேன். அவன் குனியவில்லை. யாருமே குனியவில்லை. மேலே சத்தமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எழுந்து உட்கார்ந்தேன். மூன்று பேரும் மேஜைமேல் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தைத் திருப்பினேன். என் இடது முழங்கையை ஒட்டி, எலுமிச்சம்பழம் பருமனில், ஆறு புள்ளியும் மேலே தெரிய, பகடை உட்கார்ந்திருந்தது.

டாக்டர் பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டார்.

"ஆறு," என்றாள் மனைவி. "டிரைவர் பதில் சொல்லணும்."

"அவனுக்கே இப்பத்தான் தெரியும்," என்றேன். கரகரப்பு தானாகவே வந்தது.

"தெரிஞ்சதுக்கு அப்புறமும் ஓட்டறானா? வண்டியில முன்னூறு பேர் இருக்காங்க."

"பதினோரு மாசம்தானே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. மலைப்பாதை ரயில் அரை மணியில் ஊர் போய்ச் சேர வேண்டியது. டாக்டர் குழம்பிப்போய், "யாருக்கு சார் பதினோரு மாசம்?" என்றார். மச்சினன் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தான். காலைப் பற்றி அவனுக்குத் தெரியும், வலிக்கிற இடமாகப் பார்த்து மிதித்திருக்கிறான்.

"இன்னைக்கு ஆட்டம் போதும்," என்றாள் மனைவி. பகடைகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கினாள். அடியில் கை போகாமல், மேலாகவே அடுக்கினாள். பெட்டியை மூடி என் பக்கம் நகர்த்தினாள். வலது பக்கமாக.

சாயங்காலம் முழுக்க நான் அடியை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். அவள் துணி மடித்தாள். ரேடியோ கேட்டாள். கடைசியில், "நாளைக்கு டிஃபன் பாக்ஸ் வேணுமா?" என்று கேட்டாள்.

"வேணும்."

"அப்ப வேலைக்குப் போறீங்க."

"போறேன்."

"சரி," என்றாள்.

அவ்வளவுதான். அழுகை இல்லை, சண்டை இல்லை. கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை என்று நினைத்தேன். இருபத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வாக்குவாதத்தில் ஜெயித்திருக்கிறேன் என்றும் தோன்றியது. ஜெயித்தவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காலையில் டிப்போவில் கண்ட்ரோலர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. எப்போதும் வெயில், மழை என்று ஏதாவது பேசுகிற மனிதர். "உங்க வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கு. ஏழாம் மேடையில நிக்கிறதை எடுங்க," என்று சாவியை நீட்டினார்.

போனேன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். டயரைத் தட்டினேன். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். வலது கண்ணாடி சரி. கழுத்தைத் திருப்பி இடது பக்கம் பார்த்தேன். யாருமில்லை. முன்னால் பார்த்தேன். காலி. கிளட்ச்சை மிதித்துக் கியரில் கை வைத்தேன்.

இடது பக்கம் கண்ணாடியில் டொக் டொக் என்று சத்தம்.

திரும்பினேன். முன் வாசல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சக்கரத்துக்கும் படிக்கும் நடுவே, என் மனைவி நின்றிருந்தாள். கையில் டிஃபன் பாக்ஸ். அதை வைத்துத்தான் தட்டியிருக்கிறாள்.

கதவைத் திறந்தேன். "நீ எப்ப வந்தே?"

"நீங்க ஏறி உக்காந்ததுலேருந்து இங்கேதான் நிக்கறேன்."

"பொய் சொல்லாதே. இப்பத்தான் திரும்பிப் பார்த்தேன்."

"பார்த்தீங்க. என் பக்கமாத்தான் திரும்பினீங்க. நான் கையைக்கூட ஆட்டினேன்," என்றாள். "அப்புறம் கியர்ல கை வச்சீங்க."

அவள் குரல் உயரவில்லை. டிஃபன் பாக்ஸ் மட்டும் லேசாக ஆடியது. கை நடுங்கினால் என்ன அர்த்தம் என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

இன்ஜினை அணைத்தேன். சாவியை எடுத்தேன். படியில் இறங்கும்போது கால் தடுமாறியது. அவள் பிடிக்க வந்தாள். வேண்டாம் என்றேன். ஆபீஸ் வரைக்கும் நூறடி. அந்த நூறடியில் எனக்குப் பின்னால் அவள் நடந்து வரும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் திரும்பவில்லை. கண்ணீர் வந்தால் அது சொட்டு மருந்து என்று சொல்லக்கூட அன்று மருந்து போடவில்லை.

கண்ட்ரோலர் மேஜைமேல் சாவியை வைத்தேன்.

"சார், எனக்கு இடது பக்கம் தெரியல. ஒரு மாசமாத் தெரியல. தெரிஞ்சே மூணு வாரம் ஓட்டினேன். என்ன நடவடிக்கை வேணும்னாலும் எடுங்க. இனிமே நான் வண்டி எடுக்க மாட்டேன்."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. என் வாழ்க்கையிலேயே, யாரும் சொல்லாமல், நானாக எடுத்த முதல் முடிவு அது. வாசலில் நின்ற மனைவியை ஒரு பார்வை பார்த்தேன். அவள் டிஃபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ட்ரோலர் ஒன்றும் கேட்கவில்லை. அதிர்ச்சியும் அடையவில்லை. மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். உடல்நலக் காரணத்தால் வேறு பணி கேட்டு விண்ணப்பம். என் பெயர், என் பணி எண், எல்லாம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. கூடவே ஒரு கிராஃப் தாள். நடுவில் ஒரு தட்டு வரைந்து, சுற்றிலும் தேதி போட்டுப் புள்ளிகள். வலது பக்கமெல்லாம் பச்சை. இடது பக்கமெல்லாம் சிவப்பு.

"இது என்ன சார்?"

"தண்ணி டம்ளர்," என்றார். "உங்க வீட்டம்மா சனிக்கிழமை கொண்டுவந்து கொடுத்தாங்க. ஆஸ்பத்திரி ரிப்போர்ட் நகலும் இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தோம், ஒரே படம்தான். அன்னைக்கே உங்களை வண்டியிலேருந்து எடுத்துட்டோம். மார்க்கெட் ரூட்டுக்கு வேற ஆள் போட்டாச்சு."

"அப்ப இன்னைக்குக் காலைல ஏன் சாவி கொடுத்தீங்க?"

"அவராவே வந்து சொல்லட்டும், அதுவரைக்கும் நீங்க வாயைத் திறக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. நாமா எறக்கினா மனுஷன் ஒடிஞ்சிடுவார்னாங்க. அறிவிப்பு அறையில மைக்குல பேச ஆள் தேவைப்படுது, உங்களைப் போட்டிருக்கேன். கதை நல்லா சொல்வீங்களாமே. கையெழுத்துப் போடுங்க."

பேனாவை எடுத்தேன். "எங்க போடறது?"

"இடது பக்கம், கீழே."

தேடிப் போட்டேன். அப்புறம், போகிற போக்கிலாவது கொஞ்சம் டிரைவராக இருந்துவிட்டுப் போகலாம் என்று, "ஏழாம் மேடை வண்டியை யாராவது எடுத்து ஓரமா விடச் சொல்லுங்க சார். நான் நிறுத்தினபடியே நிக்குது," என்றேன்.

கண்ட்ரோலர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதை எங்க எடுக்கிறது? சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட்டைக் கழட்டி நாலு நாளாச்சு. இடது பின் சக்கரத்துக்குக் கட்டை வேற வச்சிருக்கோம், சுத்தி வந்தீங்களே, பார்க்கலையா? இல்லேன்னா உங்க வீட்டம்மாவை அங்க நிக்க விட்டிருப்பேனா?"

ஆகவே, இருபத்திரண்டு வருஷ சர்வீஸின் கடைசியில், அங்குலம்கூட நகர முடியாத பஸ்ஸை மனசாட்சிக்குப் பயந்து தானாக நிறுத்திய டிரைவர் என்ற பெருமை எனக்குக் கிடைத்தது.